மகள் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள்: இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கு மாற்றலாமா?

திருப்பூரில் இருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவர் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார், கணக்கு வழக்கை இவர் பார்த்துக்கொள்கிறார். மகளுக்கு எட்டு வயது, சிபிஎஸ்இ பள்ளியில் 3-ம் வகுப்பு. மகனுக்கு மூன்று வயது. "பேச ஆரம்பித்ததில் இருந்தே ஏன், எப்படி என்று துளைத்து எடுப்பாள். மழையே இல்லாத மாசத்திலும் கிணற்றில் எப்படித் தண்ணீர் இருக்கிறது என்று வகுப்பில் கேட்டிருக்கிறாள். அது போர்ஷனில் இல்லை, உட்கார் என்று மிஸ் சொல்லிவிட்டார். இன்னொரு நாள் விடாமல் கேட்டதற்கு வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். ரொம்பப் பேசுகிறாள் என்று டைரியில் எழுதி வந்தது. அதற்கப்புறம் வீட்டில்கூட எதுவும் கேட்பதில்லை" என்கிறார்.

கோவையில் உள்ள ஒரு ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்கிற சர்வதேசப் பாடத்திட்டம்) பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். வருஷத்துக்கு நான்கு லட்சம், பஸ் கட்டணம் தனி, ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். பணத்துக்கு வாசகியின் அப்பா கொடுத்த ஐந்து சென்ட் இடத்தை விற்கலாம் என்று பேச்சு. "பரீட்சையே இல்லாத பள்ளிக்கூடம் எதற்கு?" என்கிறார் மாமியார். அங்கே 4-ம் வகுப்பு படிக்கும் உறவுக்காரப் பையனுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியவில்லையாம். மகள் டாக்டராக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் ஆசை, ஐபி படித்தால் நீட் எழுத முடியாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாத முடிவுக்குள் ஐம்பதாயிரம் கட்டி சீட்டை உறுதி செய்யச் சொல்கிறது பள்ளி. "அந்தப் படிப்பு நிஜமாகவே நல்லதா? தயங்குகிற நான் மகளுக்குத் துரோகம் செய்கிறேனா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதில் துரோகம் எதுவும் இல்லை. பத்து வருஷத்துக்கு ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் கட்டிப்போடுகிற முடிவு இது, நிதானமாக யோசிக்கத்தான் வேண்டும். அந்த இடம் உங்கள் பெயரில் இருந்தால் விற்பதா வேண்டாமா என்பதும் உங்கள் முடிவுதான், உங்கள் கையெழுத்து இல்லாமல் அதை யாரும் விற்க முடியாது.

இனி படிப்புக்கு வருவோம். நல்லதா என்று கேட்டால், ஆமாம், சரியாக நடத்தினால் மிக நல்லது. ஐபி அமைப்பு 1968-ல் ஜெனீவாவில் தொடங்கியது, முதலில் 11, 12-ம் வகுப்புக்கான டிப்ளமோ மட்டும்தான். கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1976-லேயே அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டது. உங்கள் மகள் வயதுக் குழந்தைகளுக்கான பிஒய்பி என்கிற ஆரம்ப நிலைத் திட்டம் வந்தது 1997-ல். அதில் அறிவியல், சமூகவியல் என்று தனித்தனியாகப் பிரித்து நடத்துவதைவிட, 'உலகம் எப்படி இயங்குகிறது', 'பூமியைப் பகிர்ந்துகொள்வது' மாதிரி ஆறு பெரிய தலைப்புகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பல வாரம் ஒதுக்கி, குழந்தைகளின் கேள்விகளை வைத்தே பாடத்தை நகர்த்துவார்கள்.

கேட்க அழகாக இருக்கும். வகுப்பில் அது எப்படி நடக்கிறது என்பதுதான் முக்கியம் என்பதால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 3-ம் வகுப்பில் தண்ணீர் பற்றிய பாடம். பள்ளியின் கை கழுவும் இடத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இதில் எவ்வளவு வீணாகும் என்று ஒரு பையன் கேட்டான். ஆசிரியை பதில் சொல்லவில்லை, "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று திருப்பிக் கேட்டார். அடியில் டம்ளரை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 200 மில்லி டம்ளர் நிறையப் பத்து நிமிஷம் ஆனது. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு ஆறு டம்ளர், ஒரு நாளைக்கு? ஆறை இருபத்துநாலால் பெருக்க வேண்டும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைகள் 144 என்று சொல்லிவிட்டார்கள், தெரியாதவர்கள் கோடு கிழித்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். 28 லிட்டரைத் தாண்டுகிறது, கிட்டத்தட்ட இரண்டு குடம் என்று தெரிந்ததும் வகுப்பே அமர்க்களப்பட்டது. ஆசிரியை அதோடு விடவில்லை. "மேலே டேங்க் நிறைந்திருக்கும்போதும் காலியாகும்போதும் இதே வேகத்தில் சொட்டுமா?" என்றார். மறுநாள் காலையும் மாலையும் அளக்கப் போனார்கள்.

இந்த முறையின் பலன்கள் எல்லாம் அந்த ஒரு குழாயடியிலேயே தெரிந்தன. அளக்கிறார்கள், சந்தேகப்படுகிறார்கள், கூட இருப்பவனோடு வாதம் செய்கிறார்கள், தப்பாகப் போனால் அழாமல் மறுபடி செய்கிறார்கள், கணக்கு எதற்குப் பயன்படுகிறது என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடுகிறது. தனக்கு ஒரு கேள்வி வந்தால் அதைப் பெரியவர்கள் மதிப்பார்கள் என்கிற நம்பிக்கை வருகிறது, என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. உங்கள் மகளிடம் இப்போது ஆட்டம் கண்டிருப்பதும் அந்த நம்பிக்கைதான், அதனால் உங்கள் கணவரின் ஆசையில் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன்.

வாய்ப்பாடு தெரியாத அந்தப் பையன்

உங்கள் மாமியாரின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள், பாதி சரி. பிஒய்பியில் வெளியில் இருந்து வரும் பொதுத்தேர்வு கிடையாது. ஆனால் மதிப்பீடு உண்டு, கடைசி வருஷத்தில் குழந்தைகள் தாங்களே ஒரு பிரச்சினையை எடுத்து விசாரித்து எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டிய எக்ஸிபிஷனும் உண்டு. 12-ம் வகுப்புக்குச் சமமான டிப்ளமோவில் ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் ஏழு மதிப்பெண், கூடுதல் பகுதிகளுக்கு மூன்று, மொத்தம் 45. அதோடு 4,000 வார்த்தை வரை ஒரு ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும். அதை லேசான படிப்பு என்று படித்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் குழந்தை தானாகவே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று சில பள்ளிகள் சொல்கிறார்களே, அதை நம்பாதீர்கள். 164 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2011-ல் வெளியானது. வழிகாட்டுதல் இல்லாமல் குழந்தைகளைத் தேட விட்டால் பலன் குறைவு, நேரடியாகச் சொல்லிக்கொடுத்தவர்களே மேலாக இருந்தார்கள். ஆசிரியர் கூடவே நின்று, குறிப்பு கொடுத்து, விளக்கம் கேட்டு, திருத்தி நடத்தியபோதுதான் இந்த முறை முந்தியது. அந்தக் குழாயடியில் பாருங்கள், ஆசிரியை சும்மா இருந்த மாதிரி தெரியும், ஆனால் அடுத்த கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றார். உங்கள் உறவுக்காரப் பையன் விஷயத்தில் அந்த இடத்தில்தான் ஓட்டை இருக்கலாம். வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டல், சரளமாக வாசிப்பது, இதற்கெல்லாம் தினப் பயிற்சி வேண்டும், எந்த முறையிலும் இதற்கு விலக்கு இல்லை. நல்ல ஐபி பள்ளிகள் அதைத் தனியாக நேரம் ஒதுக்கிச் செய்கின்றன. செய்யாத பள்ளிகளில் பிள்ளைகள் அழகாகப் பேசுவார்கள், பின்னத்தைக் கூட்டச் சொன்னால் தடுமாறுவார்கள்.

போர்டில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள்

நம் ஊரில் வாசலில் இன்டர்நேஷனல் என்று எழுதியிருக்கும் பள்ளிகளில் கணிசமானவை சாதாரண சிபிஎஸ்இ பள்ளிகள். இன்னும் சிலவற்றில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் இருக்கும், அது வேறு. ஐபி என்று சொல்லும் பள்ளியிலும் கவனியுங்கள்: ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டும். பிஒய்பிக்கு அனுமதி இருந்தால் டிப்ளமோவுக்கும் இருக்கிறது என்று அர்த்தம் கிடையாது. விண்ணப்பித்துக் காத்திருக்கும் பள்ளியை 'கேண்டிடேட்' என்பார்கள், அங்கீகாரம் அதற்கப்புறம்தான். ஐபியின் சொந்த இணையதளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டால் எது எதற்கு அனுமதி என்று வந்துவிடும், ஐந்து நிமிஷ வேலை, இன்றைக்கே செய்யுங்கள்.

அப்புறம், நேரில் போங்கள். நீச்சல் குளத்தையும் ஏசி வகுப்பறையையும் சுற்றிக் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு 3-ம் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து ஒரு பீரியட் கவனிக்க விடச் சொல்லுங்கள். கேள்விகள் ஆசிரியரிடம் இருந்து மட்டும் வருகின்றனவா, குழந்தைகளிடம் இருந்தும் வருகின்றனவா? ஒரு குழந்தை சம்பந்தமில்லாமல் எதையோ கேட்டால் என்ன நடக்கிறது? சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டுகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி, பளபளவென்று, கடையில் பிரின்ட் எடுத்ததாக இருந்தால் வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாக்கள் செய்ததாக இருக்கும். கோணல் எழுத்து, அடித்துத் திருத்தியது, பாதியில் மாற்றிய கணக்கு, இதெல்லாம் கண்ணில் பட்டால் சந்தோஷப்படுங்கள். கடந்த இரண்டு வருஷத்தில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்றும் கேளுங்கள். இந்த முறை முழுக்க ஆசிரியரை நம்பி நிற்கிறது, அவர்கள் வருஷா வருஷம் மாறினால் ஃபீஸ் கட்டுவது கட்டடத்துக்குத்தான்.

தமிழ் எத்தனை பீரியட், யார் சொல்லித்தருகிறார்கள் என்பதையும் கேட்க மறக்காதீர்கள். ஏழு வயதில் இருந்து கூடுதலாக ஒரு மொழி கற்றுத்தர வேண்டும் என்பது பிஒய்பியின் விதி, ஆனால் அது பிரெஞ்சாகவும் இருக்கலாம். பாட்டியோடு பேசுகிற மொழியில் எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்வது இழப்பு. நடைமுறையிலும், நடுவில் மாநிலப் பாடத்திட்டத்துக்குத் திரும்ப நேர்ந்தால் முதலில் இடிக்கப்போவது தமிழ்தான்.

நீட் எழுத முடியுமா

முடியும், ஆனால் சுலபமில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஐபி டிப்ளமோவை 12-ம் வகுப்புக்குச் சமமாக ஏற்கிறது. சிக்கல் பாடத் தேர்வில். மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும், டிப்ளமோவிலோ ஆறு பிரிவில் இருந்து ஒவ்வொரு பாடம் எடுப்பது வழக்கம். கலைப் பிரிவை விட்டுவிட்டு அந்த இடத்தில் இன்னொரு அறிவியல் பாடத்தை எடுத்தாலும் இரண்டுதான் ஆகும், மூன்றாவதையும் எடுக்க வழக்கமாகப் பள்ளி மூலம் ஐபியிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், அந்தப் பள்ளியில் மூன்று பாடமும் இருந்து, டைம்டேபிளும் இடம்கொடுக்க வேண்டும். இரண்டாவது சிக்கல், நீட் வழக்கமாக மே மாதம் முதல் ஞாயிறு நடக்கிறது, டிப்ளமோ தேர்வுகளும் அதே சமயத்தில்தான். நீட்டுக்கு அடிப்படையான என்சிஇஆர்டி புத்தகத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தாக வேண்டும். இரட்டைச் சுமை. அதனால்தான் டாக்டர் கனவு உள்ள பல குடும்பங்கள் 8-ம் வகுப்பு வரை ஐபி, அப்புறம் சிபிஎஸ்இ அல்லது ஸ்டேட் போர்டு என்று மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றுவதாக இருந்தால் 9-ம் வகுப்புத் தொடக்கம் நல்லது, 10-ல் மாற்றுவது பெரும் தலைவலி.

இன்னொன்று, எட்டு வயதுக் குழந்தைக்கு எம்பிபிஎஸ் சீட்டைப் பற்றி இப்போதே முடிவு எடுக்க வேண்டாம். டாக்டராக வேண்டும் என்பது இப்போதைக்கு உங்கள் ஆசை, அவளுடைய ஆசை என்ன என்று தெரிய இன்னும் வருஷங்கள் ஆகும்.

பணம்

உங்களுக்குக் கணக்கு பழக்கம் என்பதால் நேராகச் சொல்கிறேன். இன்றைய நான்கு லட்சம் வருஷத்துக்கு 10 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், பத்து வருஷத்தில் மொத்தம் சுமார் 64 லட்சம், கடைசி வருஷம் மட்டும் ஒன்பதரை லட்சத்தை ஒட்டி வரும். பஸ், லேப்டாப், சுற்றுலா, தேர்வுக் கட்டணம் இதில் சேரவில்லை. தம்பி இருக்கிறான், அக்காவை அங்கே சேர்த்துவிட்டு அவனை வேறு பள்ளியில் போட்டால் பின்னால் வீட்டில் வரும் மனக்கசப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜாப் ஒர்க் வருமானம் ஆர்டரைப் பொறுத்து ஏறி இறங்கும், அதுவும் உங்களுக்கே தெரியும். இடத்தை விற்றால் எத்தனை வருஷ ஃபீஸ் வரும், அதற்கப்புறம் எங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கணவரோடு உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவது வருஷம் பணம் இல்லாமல் பாதியில் வெளியே எடுப்பது, சேர்க்காமலே இருப்பதைவிடக் குழந்தையை அதிகம் பாதிக்கும்.

சேர்க்கைக்கு நன்கொடை கேட்டார்கள், குழந்தைக்கும் உங்களுக்கும் இன்டர்வியூ வைத்தார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 13-வது பிரிவு இரண்டையும் தடை செய்கிறது. நன்கொடை வாங்கினால் அதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம், தேர்வு வைத்துச் சேர்த்தால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை. தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. கேட்கும் பணம் ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள், ரசீது தர மாட்டோம் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

அந்தப் பயணம்தான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில். காலையில் ஆறரைக்குக் கிளம்பி, சாயங்காலம் சோர்ந்து வந்து விழுகிற குழந்தைக்கு எதைப் பார்த்து என்ன கேள்வி வரும்? விளையாட, தம்பியோடு சண்டை போட, சும்மா இருக்க நேரம் வேண்டும். குடும்பமே கோவைக்கு மாறும் எண்ணம் இல்லை என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வருஷம் வேண்டாம் என்பது என் கருத்து.

அதுவரை என்ன செய்வது

இப்போதைய பள்ளியை அப்படியே விட்டுவிடக் கூடாது. கேள்வி கேட்டதற்காக ஒரு குழந்தையை வெளியே நிற்க வைப்பது சின்ன விஷயம் இல்லை. அதே சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. முதலில் வகுப்பு ஆசிரியையைத் தனியாகச் சந்தியுங்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு போர்ஷனை முடிக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு, அதைப் புரிந்துகொண்டு பேசினால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். மகளுக்கு ஒரு குட்டி நோட்டு கொடுத்து, வகுப்பில் தோன்றும் கேள்விகளை அதில் எழுதிவைக்கட்டும், வாரத்தில் ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துப் பேச முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். பலன் இல்லை என்றால் பிரின்சிபாலிடம் எழுத்தில் கொடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் பள்ளியை மாற்றுங்கள், ஆனால் ஐபி ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள். குழந்தைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, நம் மாநிலத்திலேயே வருஷக்கணக்கில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், அந்த வழியில் நடக்கும் பள்ளிகள் இன்றும் பல ஊர்களில் உண்டு. செயல்வழிக் கற்றல் என்று அட்டைகளை வைத்துக் குழந்தைகள் தங்கள் வேகத்தில் படிக்கும் முறையைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் பள்ளிகளை, எந்த போர்டாக இருந்தாலும், மேலே சொன்ன அதே கேள்விகளோடு போய்ப் பாருங்கள்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். உங்கள் தோட்டத்துக் கிணற்றில், நீங்களோ கணவரோ கூட நின்று, முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கி, வாரம் ஒரு தடவை தண்ணீர் எத்தனை முடிச்சு ஆழத்தில் இருக்கிறது என்று அவளை காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். மழை பெய்த நாளையும் குறிக்கட்டும். மழை பெய்த உடனே ஏறுகிறதா, சில நாள் கழித்தா, பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடினால் இறங்குகிறதா என்று அவளே பார்க்கட்டும். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், தெரியாவிட்டால் எனக்கும் தெரியவில்லை, பார்க்கலாம் என்று சொல்லுங்கள். ஒரு மாதம் போயும் அவள் அதே மாதிரி ஒதுங்கியே இருந்தால், தூக்கம், சாப்பாடு குறைந்தால், பள்ளிக்குப் போக வயிற்றுவலி என்று சொன்னால், குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

ஐம்பதாயிரத்தை இந்த மாதம் கட்டாதீர்கள். சேராவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், ஃபீஸ் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும், எந்தெந்தத் திட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது, 11-ல் மூன்று அறிவியல் பாடமும் எடுக்க முடியுமா, இந்த நான்கையும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அவசரப்படுத்தினால், அடுத்த வருஷம் 4-ம் வகுப்புக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். ஆரம்ப வகுப்புகளில் நடுவில் சேர்வதால் எதுவும் கெட்டுப்போகாது.